கைப்பிரதியில் இல்லாத வசனம்

சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு மேல் திருப்பூரில் எந்தப் பேக்கரியிலும் நிற்க இடம் கிடைக்காது. வாரச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். தலையிலும் சட்டையிலும் பஞ்சு ஒட்டியபடி ஆட்கள் டீ கிளாஸோடு ரோட்டோரம் வரை நிற்பார்கள். சில மாதங்களுக்கு முன் அப்படியொரு சனிக்கிழமையில் ஒரு இளைஞன் என் கையில் கைப்பிரதி ஒன்றை வைத்தான். இருபத்து மூன்று வயதிருக்கலாம். "படிச்சுப் பாருங்ணா" என்றான். நாலாக மடித்த ஒற்றைத் தாள், ஒரே கலர் அச்சு. முகப்பில் மூட்டை சுமக்கும் ஒருவனின் படம். உள்ளே மத்தேயு 11ஆம் அதிகாரம் 28ஆம் வசனம். பாடுபட்டுச் சுமை சுமக்கிறவர்களை இயேசு தன்னிடம் அழைத்து இளைப்பாறுதல் தருவதாகச் சொல்லும் இடம் அது. கீழே ஞாயிறு ஆராதனை நேரம், ஒரு போன் நம்பர்.

எங்கே வேலை என்று கேட்டேன். "ஓவர்லாக்குங்ணா. ஒன்றரை ஷிப்ட்டு." காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தவன், பன்னிரண்டு மணி நேரம் கழித்து எழுந்து, வீட்டுக்குப் போகாமல், முன்பின் தெரியாத ஒருவருக்கு இளைப்பாறுதலைச் சொல்ல நிற்கிறான். அந்த உழைப்புக்கு முன்னால் எனக்குக் கேலி எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி வந்தது. "கூலியைப் பத்தி உங்க வேதத்துல என்ன சொல்லியிருக்கு தம்பி?" என்றேன். சீண்டுவதற்காகக் கேட்கவில்லை; அந்தப் படத்தில் இருந்த மூட்டை அப்படிக் கேட்க வைத்தது. அவன் கொஞ்சம் யோசித்தான். "பாஸ்டர்கிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றேனுங்ணா."

அந்தப் பதிலிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

தமிழ் மண்ணில் கிறிஸ்தவத்தைப் பொதுவில் எடுத்துப் பேசுவது நானூறு வருடங்களுக்கு மேல் பழகிய காரியம். அதற்கு உரிமை உண்டா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் மதத்தைப் பரப்பும் உரிமை விவாதத்துக்கு வந்தபோது, நம் ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, கிறிஸ்தவ நிறுவனங்களில் பதினான்கு வருடம் படித்தவன் நான், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று சொல்லி அந்த உரிமையை ஆதரித்தார். அது அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவில் நின்றது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. 2002இல் தமிழ்நாடு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது, 2004இல் கைவிட்டது. ஆக, அந்தப் பையன் பேக்கரி வாசலில் தாள் கொடுப்பது அவன் உரிமை. அதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது வேறு. அந்தத் தாள் நன்றாக இருக்கிறதா? அதைச் சுற்றி நடக்கும் பிரசங்கமும் மேடையும் டி.வி.யும் நன்றாக இருக்கின்றனவா? எதிர்ப்பவர்கள் இதைக் கேட்பதில்லை. அவர்களுக்கு மொத்தமும் தப்பு. ஆதரிப்பவர்களும் கேட்பதில்லை, அவர்களுக்கு மொத்தமும் ஊழியம். நான் செக்கிங் டேபிளில் பதினோரு வருடம் நின்றவன். இப்போது சின்னதாகச் செக்கிங், கைமடி கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறேன். பீஸ் நல்லதா கெட்டதா என்று எங்கள் தொழிலில் வெறும் கண்ணால் சொல்லிவிட முடியாது. அப்ரூவல் சாம்பிளைப் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். கிறிஸ்தவப் பொதுப்பேச்சுக்கும் ஒரு சாம்பிள் இருக்கிறது. வெளியிலிருந்து தேட வேண்டியதில்லை, அவர்கள் வரலாற்றிலேயே இருக்கிறது.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குக்கு அன்று வயது இருபத்து மூன்று, மறுநாள் பிறந்தநாள். என் கையில் தாள் வைத்த பையனின் வயதுதான். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. ஒரு வாத்தியாரைப் பிடித்து, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரல் வைத்து எழுதிப் படித்தார். சில வருடங்களில் அச்சகம் வந்தது. 1713இல் அங்கே அச்சான ஒரு பிரதியின் பெயர் 'அக்கியானம்'. தமிழர் வழிபாட்டை அறியாமை என்று சாடும் பிரதி அது. இன்றைய கைப்பிரதிக்கு அதுதான் பாட்டன். இவ்வளவோடு நின்றிருந்தால் சீகன்பால்கும் வெறும் பிரச்சாரகர்தான். அவரை எடுத்துப் பேச எனக்குக் காரணம் இருந்திருக்காது.

ஆனால் அதே ஆண்டுகளில் அவரும் சக மிஷனரி கிரண்ட்லரும் இன்னொரு காரியம் செய்தார்கள். படித்த தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார்கள். உங்கள் சமயம் என்ன சொல்கிறது, நீங்கள் ஏன் எங்கள் சமயத்தை ஏற்கவில்லை, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. பதில்கள் பூசி மெழுகாமல் வந்தன. நீங்கள் மாட்டைத் தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தபத்தம் கிடையாது, பிறகு உங்கள் போதனையை எப்படி நம்புவது என்கிற தொனியிலும் எழுதினார்கள். சீகன்பால்கு அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடவில்லை. ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து அனுப்பினார்; தொண்ணூற்று ஒன்பது கடிதங்கள் ஹாலே நகரில் அச்சேறின. தன்னை மறுத்துப் பேசியவரின் குரலைத் தன் ஊர்க்காரர்களுக்குக் கேட்க வைத்த மனிதர் அவர். தமிழர் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த பெரிய நூலை ஹாலேயில் இருந்த மிஷன் தலைவர்கள் அச்சிட மறுத்தார்கள். புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பினோமே தவிர அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர்கள் வாதம். அது 1867இல்தான் அச்சானது. அனுப்பியவர்களுக்குப் பிரச்சாரம் மட்டும் போதும். போனவருக்கு அது போதவில்லை.

இதை அளவுகோலாக வைக்கிறேன். ஒருவன் பொதுவில் வந்து தன் சமயத்தைப் பேசினால், கேட்பவன் திருப்பிக் கேட்க இடம் இருக்கிறதா? கேட்டதை அவன் கேட்டுக்கொண்டானா?

அடுத்த நூற்றாண்டு இந்த அளவுகோலை இன்னும் பலப்படுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பீட்டர் பெர்சிவலின் பைபிள் மொழிபெயர்ப்புக்குக் கைகொடுத்த ஆறுமுகம் என்கிற இளைஞர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். பின்னாளில் நாவலர். பாதிரிகளிடம் கற்ற பிரசங்கம், வினாவிடை, பள்ளிக்கூடம், அச்சகம் எல்லாவற்றையும் அவர்களுக்கு எதிராகவே திருப்பினார். 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' வந்தது. பைபிளை வரிவரியாக அறிந்தவர் எழுதிய மறுப்பு அது. நாவலரின் சாதிப் பிடிப்பை நான் மறைக்கப் போவதில்லை. அது தனியாக எடை போட வேண்டியது. ஆனால் மிஷனரிகளுக்கு நேர்ந்த பெரிய மரியாதை நாவலர்தான் என்று நினைக்கிறேன். பதில் சொல்லத் தகுந்த பேச்சு என்று ஒரு பேரறிஞர் எடுத்துக்கொண்டார் அல்லவா? அந்த மோதலில் தமிழ் உரைநடை வலுத்தது. மேடையில் நின்று கூட்டத்தைப் பார்த்துப் பேசும் வழக்கமே புராட்டஸ்டண்ட் பிரசங்கத்திலிருந்து தமிழுக்கு வந்தது என்று ஆய்வாளர் பெர்னார்ட் பேட் விரிவாக எழுதியிருக்கிறார். இன்று திருப்பூர் மாநகராட்சி வாசலில் மைக் பிடிக்கும் எந்தக் கட்சிக்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

மொழியைக் கற்றால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி அளவுக்குத் தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர்கள் குறைவு. ஆனால் சாதி ஆசாரத்தோடு சமரசம் செய்துகொண்டு கற்றார். பூணூல் முதலானவற்றுக்கு 1623இல் போப்பின் அனுமதியும் கிடைத்தது. கீழே தள்ளப்பட்டவர்களுக்கு வேறு சாமியார்கள் ஏற்பாடானார்கள். அந்தப் பிளவு கல்லறை வரைக்கும் தொடர்ந்தது. இதற்கு நேர் எதிராக, 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி ஒழிந்தே ஆக வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் மற்ற ஊர்களிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். ஆள் குறையும் என்று தெரிந்தும் சொந்த மக்களிடம் கசப்பானதைச் சொன்ன பேச்சு அது. என் அளவுகோலில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஊராரிடம் பேசுகிறவர் தன் சபையில் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடமும் பேசுகிறாரா?

இனித் திருப்பூர்.

லண்டன் மிஷனின் அடிஸ் 1830லேயே கோயம்புத்தூருக்கு வந்துவிட்டார். ஆனால் இன்று எங்கள் ஊரில் கேட்கும் கிறிஸ்தவக் குரல் பெரும்பாலும் அந்தப் பழைய சபைகளின் குரல் அல்ல. எக்ஸ்போர்ட் பெருகிய எண்பதுகளுக்குப் பின் தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்களோடு வந்த குரல். லைன் வீடுகளுக்கு மேல் தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, ரெண்டு ஸ்பீக்கர், அதுதான் சபை. கம்பெனியில் டெய்லராக இருப்பவரே ஞாயிற்றுக்கிழமை பாஸ்டராகவும் இருப்பார். தொனி மட்டும் டி.ஜி.எஸ். தினகரனிடமிருந்து வந்தது. வங்கி ஊழியராக இருந்து 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தைக் கட்டிய அவர், 2008இல் மறையும்வரை, தமிழ் மேடைக்கு ஒரு புதிய சுருதியைக் கொடுத்தார். அடுக்குமொழி இல்லை, எதிரி இல்லை. அழுகிறவரிடம் பேசும் குழைந்த குரல். ஆயிரக்கணக்கானோர் நடுவில் தன்னை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் கேட்பவருக்குத் தோன்றும். திராவிட மேடையின் முழக்கத்துக்குப் பழகிய காதுகளுக்கு அது பெரிய மாற்றம். அதன் நல்லதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த மேடையில் யாரும் எழுந்து கேள்வி கேட்க முடியாது. வலியோடு வந்தவர் கையைத்தான் தூக்க முடியும். சாட்சி சொல்ல மேடையேறுகிறவர் சுகமானவர். சுகமாகாதவர் வீட்டுக்குப் போகிறார், அவரிடம் மைக் போவதில்லை. கேட்க வந்தவரை மட்டுமல்ல, வராதவரையும் ஸ்பீக்கர் விடாது. சென்னையில் மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். நகர்க் குடியிருப்போர் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஒலிபெருக்கிக்கு எதிராகப் போன வழக்கில், அடுத்தவர் அமைதியைக் குலைத்துப் பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோயில், மசூதி எல்லாவற்றுக்கும் பொருந்தும் தீர்ப்பு அது. கேட்பவரின் சம்மதத்தைக் கேட்காமல் பேசும் வழக்கத்தைத்தான் நீதிமன்றம் தொட்டது. அதே வழக்கம்தான் கைப்பிரதியிலும் இருக்கிறது: கையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது.

இங்கே எதிர்ப்பக்கத்தின் வாதத்தையும் டேபிளில் போட வேண்டும். ஆசை காட்டி ஆள் சேர்க்கிறார்கள் என்கிறார்கள். எங்கள் லைனில் கைமடி வேலை செய்யும் ஒரு அக்கா இருந்தார். புருஷன் குடி. டைபாய்டில் பத்து நாள் படுத்தபோது கம்பெனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. சொந்த பந்தம் விருதுநகர்ப் பக்கம். மாடிச் சபையிலிருந்து ரெண்டு பெண்கள் தினமும் தூக்குப்போசியில் கஞ்சி கொண்டுவந்தார்கள். எழுந்து நடந்ததும் அக்கா சபைக்குப் போனார். "அங்க என் பேரச் சொல்லிக் கூப்படறாங்க தம்பி. கம்பெனியில ஏய் கைமடிங்கறதுதான் என் பேரு" என்றார். கஞ்சிக்கு விலைபோனவர் என்று இவரைச் சொல்கிறவர்கள், பத்து நாளில் ஒரு நாளாவது எட்டிப் பார்த்தவர்களா? அதோடு, அக்கா பட்டியல் சாதியில் பிறந்தவர். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டுமே இருந்த பட்டியல் சாதித் தகுதி 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கிடைத்தது. கிறிஸ்தவராகும் தலித்துக்கு இன்றுவரை கிடையாது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். சட்டத்தின் கணக்கில் மதம் மாறுவது அவருக்கு நஷ்டம். ஆசை வார்த்தைக்கு மயங்கினார் என்கிற குற்றச்சாட்டு இந்த நஷ்டத்துக்கு முதலில் விளக்கம் சொல்லிவிட்டு வரட்டும். அதுவரை அதை நான் ரிஜெக்ட் பண்டலில்தான் போடுவேன்.

ஆக, அக்கறையில் குறை இல்லை. அந்த மாடிச் சபைகள் இந்த ஊரில் செய்வதை யூனியனோ கட்சியோ கோயிலோ அந்த அளவுக்குச் செய்வதாக நான் காணவில்லை. குறை பேச்சில் இருக்கிறது, அதுவும் மிகக் குறிப்பான ஓர் இடத்தில்.

என்னிடம் முப்பதுக்கும் மேற்பட்ட கைப்பிரதிகள் இருக்கின்றன. பேக்கரியில், பழைய பஸ் ஸ்டாண்டில், ரயில்வே ஸ்டேஷனில் வாங்கியவை. கடன், குடி, நோய், குடும்பச் சண்டை, பிள்ளையின்மை, தற்கொலை எண்ணம் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. வேலை கிடைக்க ஜெபம் உண்டு. ஆனால் கூலி என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. பிடித்துவைத்த கூலி, குறைத்த பீஸ் ரேட், கணக்கில் வராத ஓவர்டைம், எதுவும் இல்லை. திருப்பூரில் ஒருவன் ஏன் கடனாளியாகிறான் என்று எழுதிவிட்டு அவன் கூலியை எழுதாமல் விடுவது, கிழிசலை எழுதிவிட்டுத் தையலை எழுதாமல் விடுவது போல.

பைபிளில் இல்லாததால் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. கூலிக்காரனின் கூலியை அன்றன்றே, பொழுது சாயுமுன் கொடு என்கிறது உபாகமம் 24ஆம் அதிகாரம். அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கடவுளின் காதுக்குப் போய்விட்டது என்று பணக்காரர்களை எச்சரிக்கிறது யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனம். மத்தேயு 11:28 திருப்பூருக்குப் பொருந்துகிறது என்றால் யாக்கோபு 5:4 இந்த ஊருக்காகவே எழுதியது போல இருக்கிறது. சபை மரபிலும் இல்லாமல் இல்லை. தொழிலாளர் நிலை குறித்து போப் 13ஆம் லியோ 1891லேயே சுற்றுமடல் எழுதினார். பெல்ஜியத்தில் கார்டைன் என்ற பாதிரியார் ஆலை இளைஞர்களைக் கொண்டே இயக்கம் கட்டினார். 1984இல் இங்கே பஞ்சப்படிக்காகப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அதைப் பேசியது செங்கொடிச் சங்கங்களின் மேடை. 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் கல்யாணச் செலவுக்குப் பணம் சேரும் என்று இளம்பெண்களை வேலைக்கு எடுக்கும் சுமங்கலித் திட்டத்தின்கீழ் ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்களில் அடைபட்ட பெண்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டு, ஐரோப்பிய பிராண்டுகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்தப் பெண்களைப் பற்றி எந்தக் கைப்பிரதியும் என் கைக்கு வரவில்லை.

ஏன் என்று சில பாஸ்டர்களிடமே கேட்டிருக்கிறேன். ஆத்துமாவைப் பற்றிப் பேசுவதுதான் எங்கள் வேலை, சம்பளப் பிரச்சினை யூனியன் வேலை என்றார் ஒருவர். அப்படியானால் கடனையும் மஞ்சள் காமாலையையும் ஏன் தாளில் போட்டீர்கள்? உடம்புக் கஷ்டத்தைச் சொல்லி அழைத்துவிட்டு, காரணம் கேட்டால் ஆத்துமாவுக்குள் போய்விடுவதை நான் ஏற்கவில்லை. இன்னொருவர் மனம்விட்டுச் சொன்னார்: "சபையில டெய்லரும் இருக்காரு, அவருக்குக் கூலி குடுக்கற கான்ட்ராக்டரும் இருக்காரு. நான் யாரப் பாத்துப் பேசறதுங்க?" வாடகைக் கட்டடம், எப்போது வேண்டுமானாலும் புகார் வரலாம், போலீஸ் வரலாம் என்கிற பயம் வேறு. அந்தப் பயம் பொய் இல்லை. சின்னச் சபை நடத்துகிறவர் நிலைமையில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். பேசாமல்தான் இருந்திருப்பேனோ என்னவோ. ஆனாலும் 1833இல் பிஷப் வில்சனுக்கு முன்னால் இருந்ததும் இதே கேள்வி. ஒரே பெஞ்சில் ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பேசாமல் இருக்கக் காரணம் ஆகாது. பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது?

கோயிலும் மசூதியும் மட்டும் கூலியைப் பேசுகின்றனவா என்று கேட்கலாம். பேசவில்லை. ஆனால் அவை பேக்கரி வாசலில் என் கையில் தாள் வைக்கவில்லை. தானாக வந்து பேச்சைத் தொடங்கியவருக்குத்தான் பதில் சொல்லும் கடமை கூடுதல்.

ஆகவே என் முடிவு இதுதான். இன்று திருப்பூரில் கிறிஸ்தவத்தைப் பேசுகிறவர்களின் உரிமையை மறுப்பவர்கள் தவறு. அவர்களிடம் போகிறவர்களை விலைபோனவர்கள் என்பது அவதூறு. அவர்கள் அக்கறை மெய்யானது; கஞ்சித் தூக்குப்போசிக்கு நான் சாட்சி. ஆனால் அவர்களுடைய பொதுப்பேச்சு, தரங்கம்பாடி சாம்பிளுக்குப் பக்கத்தில் வைத்தால், பாஸ் ஆகாது. எதிர்க்கேள்விக்கு அதில் இடமில்லை. தன் வேதத்தில் பாதியை, அதுவும் இந்த ஊருக்கு மிக வேண்டிய பாதியை, அது மறைத்து வைத்திருக்கிறது. தாளைச் சுமப்பவனுக்கே பதில் சொல்லும் அதிகாரம் இல்லை. பாஸ்டரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. பீஸ் முழுக்க வீண் என்று சொல்லவில்லை. பிரித்துத் தைத்தால் சரியாகும் குறை இது. தைக்கத் தெரிந்தவர்களும் அந்தச் சபைகளிலேயே இருக்கிறார்கள்.

இதைச் சும்மா நம்பிச் சொல்லவில்லை. ரெண்டு வாரம் கழித்து அந்தப் பையன் அதே பேக்கரிக்கு வந்தான். கையில் தாள்கட்டு இல்லை, கருப்பு அட்டை பைபிள் இருந்தது. யாக்கோபு நிருபத்தில் பேனா வைத்துக் கோடு போட்டிருந்தான். "பாஸ்டர் வேற ஒரு வசனம் சொன்னாருங்ணா. இது நானே தேடுனது" என்றான். அந்த நாலாம் வசனத்தை எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினான். மூடிவிட்டுக் கேட்டான்: "நீங்க கான்ட்ராக்டருங்களா? உங்ககிட்ட இருக்கறவங்களுக்குச் சனிக்கிழமையே குடுத்தர்றீங்களாங்ணா?"

கம்பெனியில் பில் பாஸாகவில்லை என்று அந்த வாரம் ரெண்டு பெண்களுக்குத் திங்கட்கிழமை தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தேன். அதை அவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, போகவும் இல்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு, அந்த ரெண்டு பேரில் ஒருவருக்குப் போன் போட்டேன்.